வீட்டுல விட மாட்டாங்க

ஃபோன் வந்தபோது கார்த்திகா புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் குளத்தூர் வண்டிக்காக நின்றுகொண்டிருந்தாள். தெரியாத நம்பர்.

"அருணாவாம்மா? நான் ரெங்கராஜ் பேசுறேன். பக்திப் பாட்டு குழு வச்சிருக்கேன். ஒங்க இசைப்பள்ளி ஆண்டு விழாவுல நீ பாடுனத கேட்டேன். ஆடி மாசம் பூரா கோயில் கச்சேரி இருக்கு. பாட வர்றியா?"

அருணாவிடம் ஃபோன் கிடையாது. அவள் ஊர் ஜெகதாப்பட்டினம். அப்பா விசைப்படகில் கடலுக்குப் போகிறவர், அம்மா ஐஸ் கம்பெனியில் வேலை. விடுதியில் தங்கிப் படிக்கிறாள் என்பதால், பள்ளி ஆபீஸில் கார்த்திகாவின் நம்பரைத்தான் கொடுத்து வைத்திருந்தாள். இரண்டு பேரும் வாய்ப்பாட்டு இரண்டாம் ஆண்டு. வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் உட்காருகிறவர்கள்.

"நான் அவ ஃப்ரெண்டு சார்," என்றாள் கார்த்திகா. சொல்லிவிடுகிறேன் என்றுதான் அடுத்துச் சொல்ல வந்தாள். வாயில் வந்தது வேறு.

"அவளை வீட்டுல விட மாட்டாங்க சார்."

ரெங்கராஜ் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "அதானே பாத்தேன். பொம்பளப் புள்ளைகன்னாலே இதே கதைதான். நல்ல குரலும்மா, என்ன செய்ய? நீ பாடுவியா?"

"பாடுவேன் சார்."

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் கார்த்திகாவுக்குத் தான் செய்தது உறைத்தது. இவ்வளவு சுலபமாக ஒரு பொய் செல்லுபடியாகும் என்று அவள் நினைக்கவில்லை. நாளைக்கே அருணாவிடம் சொல்லிவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். மறுநாள் சொல்லவில்லை. அதற்கு மறுநாள் சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது.

முதல் கச்சேரி குளத்தூருக்குப் பக்கத்தில் ஒரு மாரியம்மன் கோயில். மேடை ஏறியதும் அவளுக்கு எதுவுமே பிடிபடவில்லை. தன் குரல் பனைமரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரிலிருந்து கொஞ்சம் பிந்தி வந்து காதில் விழ, அதைக் கேட்டுப் பாடப்போய்த் தாளம் தவறியது. இரண்டாவது அடியை மறந்து முதல் அடியையே மூன்று தரம் பாடினாள். முன்வரிசையில் இருந்த பெண்கள் தங்களுக்குள் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

"ஸ்பீக்கர கேக்காத. தபேலாவ கேளு," என்று வேனில் வரும்போது ரெங்கராஜ் எரிந்து விழுந்தார். ஆனாலும் அடுத்த வாரம் கூப்பிட்டார். அவருக்கு வேறு ஆள் இல்லை.

ஆடி முடிந்தது, ஆவணி வந்தது. மைக்கை எவ்வளவு தள்ளிப் பிடிப்பது, வெடிச் சத்தத்துக்கு நடுவே சுருதியை எப்படிக் காப்பாற்றுவது, கூட்டம் கலையும்போது எந்தப் பாட்டை எடுப்பது என்று ஒவ்வொன்றையும் கார்த்திகா ஒரு மேடையில் தப்பு செய்து அடுத்த மேடையில் திருத்திக்கொண்டாள். நாலு சுவருக்குள் ஒரு வருஷத்துக்கு மேல் பாடியும் திறக்காத குரல், ஊர் ஊராகப் போய்ப் பாடியதில் திறந்துகொண்டது. வகுப்பில் டீச்சர் பாட்டை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "கார்த்திகாவப் பாருங்க. பயம் போயிருச்சு. மேடை ஏறுனாத்தான் இதெல்லாம் வரும்."

எல்லோரையும்விட அருணாவுக்குத்தான் சந்தோஷம். "எப்படிடி இப்படி மாறிட்ட?" என்று கையைப் பிடித்துக் குலுக்கினாள். "என்னையெல்லாம் யாரு கூப்பிடப்போறா?"

அன்று மத்தியானம் கார்த்திகா சோற்றைத் திறந்து பார்த்து அப்படியே மூடி வைத்தாள். அருணா இன்னும் கண்ணை மூடிக்கொண்டு, சுவரோரம் உட்கார்ந்து, பிசிறில்லாமல் பாடிக்கொண்டிருந்தாள். போன வருஷம் எப்படிப் பாடினாளோ அப்படியே. கார்த்திகா வளர வளர அந்தக் குரல் நின்ற இடத்திலேயே நின்றது.

ஒரு சனிக்கிழமை கார்த்திகா விடுதியில் அருணாவோடு இருந்தபோது, அருணாவின் அம்மா ராசாத்தி வந்தார். நெத்திலிக் கருவாடு ஒரு பொட்டலம் மகளுக்கு, ஒரு பொட்டலம் கார்த்திகாவுக்கு.

"நீ மேடையில பாடுறியாமுல்ல தாயி? எம்மவளையும் ஒருதடவ கூட்டிட்டுப் போயேன். எந்த ஊருன்னாலும் அனுப்புறேன், நானே வேணும்னாலும் கூட வாரேன். இவ மைக்குல பாடிக் கேக்கணும்னு இவங்கப்பாவுக்கு அம்புட்டு ஆசை."

"சரிங்க அத்தை," என்றாள் கார்த்திகா. அந்தப் பொட்டலத்தை வாங்கும்போது ராசாத்தியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எந்தத் தாய் விட மாட்டார் என்று சொன்னாளோ அந்தத் தாய், அவளுக்கும் சேர்த்துக் கருவாடு கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

அன்றைக்கே ரெங்கராஜுக்கு ஃபோன் போட்டாள். "தொண்டை கட்டியிருக்குண்ணே. ஞாயித்துக்கிழமை பால்குடத்துக்கு அருணாவ அனுப்பட்டுமா?"

"அவ வீட்டுலதான் விட மாட்டாங்களே?"

"இப்ப விடுறாங்கண்ணே."

பழைய பொய்க்கு முட்டுக்கொடுக்க இன்னொரு பொய். இதோடு சரியாகிவிடும், அருணாவுக்கும் மேடை கிடைத்துவிடும், யாருக்கும் எதுவும் தெரியவேண்டியதில்லை என்று கணக்குப் போட்டாள்.

ஞாயிறு காலையில் கோயில் வாசல் வளையல் கடைக்குப் பின்னால் ஒதுங்கி நின்று கார்த்திகா பார்த்துக்கொண்டிருந்தாள். அருணா வழக்கம்போல் கண்ணை மூடி ஆரம்பித்தாள். எடுத்த எடுப்பில் கூட்டம் அமைதியாயிற்று. அந்த நேரம் பார்த்துப் பால்குட ஊர்வலம் பந்தலைச் சுற்றிக்கொண்டு வந்தது. தவிலும் உறுமியும் வேறொரு தாளத்தில் காதைப் பிளந்தன. அருணா கண்ணைத் திறந்தாள். சுருதி விலகியது. பாட்டு நின்றது. ரெங்கராஜ் கீபோர்டில் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்து அவளைக் கூப்பிட்டுப் பார்த்தார். அவள் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னாலிருந்து இளவட்டங்கள் விசில் அடித்தார்கள்.

என்ன செய்யவேண்டும் என்று கார்த்திகாவுக்குத் தெரியும். இதே மாதிரி ஓர் ஊரில் அவளும் மாட்டி விழித்தவள்தான். அருணா பாட வேண்டிய மேடையில் நின்று கற்றுக்கொண்ட பாடம் அது. அந்த நினைப்பு நெஞ்சில் குத்த, ஓடிப்போய் மேடைப் படியில் ஏறினாள்.

ரெங்கராஜ் அவளைப் பார்த்துவிட்டார். "தொண்டை கட்டலையா ஒனக்கு? வா, வந்து மைக்க வாங்கு!"

"மாட்டேண்ணே. அவளே பாடட்டும்." கார்த்திகா அருணாவின் காதருகே குனிந்தாள். "ஊர்வலம் போகட்டும், அவசரமில்ல. அங்கிட்டு கேக்காத. தபேலாக்காரர் கையப் பாரு. அவரு தலையாட்டுனதும் எடு."

மேளம் தூரப் போயிற்று. தபேலாக்காரர் தலையாட்டினார். அருணா பாடினாள். குரல் நடுங்கியது, ஓரிடத்தில் மூச்சு போதவில்லை. ஆனால் பாட்டை முடித்தாள். கை தட்டியவர்கள் கொஞ்சம் பேர்தான்.

கச்சேரி முடிந்து கூழ் ஊற்றும் இடத்துக்குப் பின்னால், வேப்பமரத்தடியில் வைத்துக் கார்த்திகா எல்லாவற்றையும் சொன்னாள். ஃபோன் வந்ததிலிருந்து தொண்டை கட்டியதாகச் சொன்னதுவரை. பாதியில் அழுதாள். அருணா அழவில்லை.

"எங்கம்மா விட மாட்டாங்கன்னா சொன்ன?"

"ஆமா."

"எனக்குப் பாட வராதுன்னு சொல்லியிருக்கலாம்ல. எனக்கு நேரமில்ல, பரீட்சைன்னு சொல்லியிருக்கலாம். எங்கம்மாவையா சொன்ன? அது ஐஸ்ல நின்னு கால் வெடிச்சுத்தான் என்னைய படிக்க வைக்குது."

கார்த்திகா துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"போ. போயி அவருகிட்டயும் இத சொல்லு," என்றாள் அருணா.

வேனில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்த ரெங்கராஜிடம், மற்றவர்கள் கேட்க, கார்த்திகா சொன்னாள். அவர் ஒயரைச் சுற்றுவதை நிறுத்தினார். திட்டுவார் என்று நின்றாள். "எம்மேலயும் தப்பு இருக்கு. நீ சொன்ன ஒடனே நம்பிட்டேன்," என்றார். பிறகு, "கொஞ்ச நாளைக்கு நான் கூப்பிட மாட்டேம்மா," என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினார்.

அதன்பிறகு அவருடைய மேடைகளில் அருணா பாடினாள். இரண்டாவது கச்சேரியிலும் தடுமாறினாள் என்று கார்த்திகா கேள்விப்பட்டாள். அதற்கடுத்ததில் தேறிவிட்டாளாம். தை மாதத்தில் வகுப்பில் அவள் பாடியபோது கண் திறந்திருந்தது. எதிரே இருந்தவர்களைப் பார்த்துப் பாடினாள். டீச்சர் தாளம் போடுவதை மறந்து உட்கார்ந்திருந்தார். ஆடி மாதமே கேட்டிருக்க வேண்டிய குரல் என்று கார்த்திகாவுக்கு மட்டும் தெரிந்தது. அருணா இப்போது ஜன்னலோரம் வேறு இடத்தில் உட்கார்ந்தாள். கேட்டால் பதில் சொல்வாள், தானாகப் பேசுவதில்லை.

மாசி மாதம் ஜெகதாப்பட்டினத்திலேயே கச்சேரி. கார்த்திகாவை யாரும் கூப்பிடவில்லை, அவளும் போகவில்லை. அடுத்த வாரம் ராசாத்தி மகளைப் பார்க்க இசைப்பள்ளிக்கு வந்தவர், வாசலில் கார்த்திகாவைக் கண்டதும் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இவங்கப்பா கடலுக்குக்கூடப் போகல தாயி. முன்னாடி ஒக்காந்து கடைசிவரைக்கும் கேட்டாரு. ஊரே கேட்டுச்சு. எல்லாம் ஒன்னால. நாஞ் சொன்ன ஒரு சொல்லுக்காக எம்மவள மேடைக்கிக் கூட்டிட்டுப் போனியே, நீ நல்லா இருக்கணும்."

அருணா வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை என்று அப்போதுதான் கார்த்திகாவுக்குப் புரிந்தது. வெந்த புண்ணில் கை வைத்தது போல இருந்தது அந்த வாழ்த்து.

"அத்தை, நான்..." என்று தொடங்கினாள். "மொதல்ல ஃபோன் வந்தப்ப நான்தான்..."

"அம்மா, வாம்மா. அறந்தாங்கி பஸ்ஸு போயிரும்," என்று அருணா குறுக்கே வந்து தாயின் தோளைப் பிடித்தாள். கார்த்திகாவை நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் மன்னிப்பு இல்லை. என் அம்மா சந்தோஷமாகப் போகட்டும், அதைக் கெடுத்துவிடாதே என்பது மட்டும் இருந்தது.

கார்த்திகா வாயை மூடிக்கொண்டாள். அவர்கள் இரண்டு பேரும் கேட்டைத் தாண்டிப் போகிறவரை நின்றாள். பிறகு வகுப்புக்குள் போய்த் தம்பூராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். டீச்சர் பாடச் சொன்னார். எதிரே இருந்தவர்களைப் பார்க்க முடியாமல், கண்ணை மூடிக்கொண்டு அவள் பாட்டை எடுத்தாள்.