வளைவில் ஒரு ஸ்டேஷன்

எங்க வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் ஜனங்களை மேலேயும் கீழேயும் அனுப்பிட்டு, சாயங்காலம் வந்து தோட்டத்துல பொம்மை ரயில் விடுவார். பொம்மைன்னு சொன்னா மூஞ்சி சுருங்கிடும். மாடல்னு சொல்லணுமாம். சரி, மாடல்.

தோட்டத்தைச் சுத்தி தண்டவாளம் போட்டாச்சு, ரயிலும் ஓடுது. நிக்கிறதுக்குத்தான் ஸ்டேஷன் இல்ல. அதனால தோட்ட ரயில் சங்கத்துல இவரைச் சேர்த்துக்கல. சங்கத்தோட தலைவர் வேற யாருமில்ல, என் கூடப்பொறந்த அண்ணன்தான். உறுப்பினர் யார் வண்டியைக் கொண்டுவந்தாலும் உங்க ஸ்டேஷன்ல நின்னு கிளம்பணும், அதுதான் சட்டம். மொத்தமே பதினோரு பேர். அவங்க சட்டதிட்டம் பேசுறதைக் கேட்டா ஏதோ நாட்டையே இவங்கதான் நடத்துறாங்கன்னு தோணும். அதுக்குள்ள நுழையத்தான் இந்த மனுஷன் நாலு வருஷமா தவியாத் தவிக்கிறார்.

முதல் ஸ்டேஷன் பிளைவுட். ஒரே மழையில ஊதிப்போய், ஜன்னல் எது கதவு எதுன்னு தேட வேண்டியதாச்சு. ரெண்டாவது தெர்மாகோல். அதுல எறும்பு குடும்பத்தோட குடிவந்துச்சு, மிச்சத்தைக் காத்து அள்ளிட்டுப் போச்சு. ரெண்டு தடவையும் அண்ணன் வந்து பார்த்துட்டு, "அடுத்த தடவை மழைக்கு முன்னாடி கூப்பிடுங்க மாப்பிள்ளை"ன்னான். நானும் அவனோட சேர்ந்து விழுந்து விழுந்து சிரிச்சேன். பொறந்த வீட்டுப் பாசம், என்ன பண்றது.

மூணாவதுக்கு சிமெண்ட்னு முடிவு பண்ணிட்டார். விரல் மொத்தத்துல கம்பி, கோழிவலை, சலிச்ச மணல். முழங்கால் உயரக் கட்டடத்துக்கு ஒரு அடி ஆழத்துல அஸ்திவாரம். பக்கத்து வீட்டம்மா மதில் மேல எட்டிப் பார்த்து, "செப்டிக் டேங்கா?"ன்னு கேட்டாங்க. ஆமான்னு சொல்லிட்டேன். ஸ்டேஷன்னு சொல்லி யார் மானத்தை வாங்கிக்கிறது?

இடம் பார்க்கும்போதே ஒரு சண்டை. தண்டவாளம் நேரா போற இடத்துல என் துணிக்கொடி இருக்கு. கம்பத்தைப் பிடுங்கலாமான்னு கேட்டார். தொட்டுப் பாருங்கன்னேன். பாவம், மறுபேச்சு பேசாம தண்டவாளம் திரும்புற வளைவுல, உள்பக்கமா கட்ட ஆரம்பிச்சார்.

தண்ணி தேங்கக் கூடாதுன்னு கூரைக்குச் சரிவு கொடுத்தார். கண்ணாடி உடையும்னு ஜன்னலுக்கெல்லாம் பிளாஸ்டிக் ஷீட் வெட்டி ஒட்டினார். சிமெண்ட் நல்லா இறுகணும்னு ஈரச் சாக்கைப் போத்தி, நாளைக்கு நாலு தடவை தண்ணி தெளிச்சார். போன மாசம் எனக்குக் காய்ச்சல் வந்தப்ப ஒரே ஒரு தடவை நெத்தியைத் தொட்டுப் பார்த்தார், அதுவும் சிமெண்ட் கையோட.

பிளாட்பாரத்தைக் கடைசியா வார்த்தார். லிஃப்டுக்கும் தரைக்கும் நடுவுல சந்து எவ்வளவு குறைச்சலோ அவ்வளவு நல்ல மெக்கானிக்னு பேரு. அதே கணக்கை இங்கேயும் போட்டார். தன்னோட குட்டி சரக்குப் பெட்டியை வளைவுல நிறுத்தி, பெட்டிக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவுல ஒரு காசு நுழையுற அளவுதான் சந்து விட்டார். "பார்த்தியா, எவ்வளவு நெருக்கம்"னு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அன்னைக்கு சாயங்காலமே அண்ணன் வந்தான். குந்தி உட்கார்ந்து, சந்துல விரலை வெச்சுப் பார்த்தான். சிமெண்ட் இன்னும் ஈரம். "பிரமாதம் மாப்பிள்ளை"ன்னான். அந்த ஒரு வார்த்தைக்கு இவர் ரெண்டு நாள் விசிலடிச்சுக்கிட்டே வேலைக்குப் போனார்.

பதினஞ்சு நாள் கழிச்சு, ஞாயித்துக்கிழமை, சங்கம் மொத்தமும் தோட்டத்துல. தலைவர் வண்டிதான் முதல்ல வரணுமாம். அண்ணன் தன்னோட பெட்டியை வெளிய எடுத்தான். என் முழங்கை நீளம் இருக்கும். இவர் பெட்டி ஒரு சாண். நீளப் பெட்டி வளைவுல திரும்பும்போது நடுவயிறு உள்பக்கம் தள்ளும்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரியும். பாவம், இவருக்கும் அன்னைக்குத்தான் தெரியும். லிஃப்ட் எங்க வளைஞ்சு போகுது?

வண்டி வந்துச்சு, வயித்தால பிளாட்பாரத்துல இடிச்சுச்சு, பெட்டியோட படிக்கட்டு ரெண்டும் பிய்ஞ்சு, பெட்டி குப்புற விழுந்துச்சு. ஸ்டேஷன்ல ஒரு கீறல் கூட விழல.

இவர் முகம் வெளுத்துப்போச்சு. "தப்பு என்னோடதுதான் மச்சான், பெட்டியை நான் சரிபண்ணித் தர்றேன்"னார்.

அண்ணன் சிரிச்சான். "விடுங்க மாப்பிள்ளை. அன்னைக்கே பார்த்தேன், இடிக்கும்னு தெரிஞ்சுது. பட்டுத் தெரிஞ்சுக்கட்டும்னு விட்டுட்டேன். அதுக்காகத்தானே பழைய பெட்டியா பார்த்து எடுத்துட்டு வந்தேன்."

பத்துப் பேரும் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல.

"ஈரத்துலயே சொல்லியிருந்தா கரண்டியால வழிச்சு எடுத்திருப்பார். பத்து நிமிஷ வேலைண்ணே"ன்னேன்.

"சும்மா ஒரு தமாஷுக்கு…"

"தமாஷ் முடிஞ்சுதுல்ல, கிளம்பு."

எல்லாருக்கும் திடீர்னு வீட்டு வேலை ஞாபகம் வந்துடுச்சு. அண்ணன் என்ஜினை மட்டும் அக்குள்ல இடுக்கிக்கிட்டுப் போனான். ஒடிஞ்ச பெட்டி புல்லுலயே கிடந்துச்சு.

இவர் உளியும் சுத்தியலும் எடுத்துட்டு வந்து உட்கார்ந்தார். அரைமணி நேரம் அடிச்சதுல பிளாட்பாரத்துலேருந்து ஒரு நகம் அளவு பெயர்ந்துச்சு. உறுதியா கட்டின பாவத்துக்கு அந்த வெயில்ல முதுகு நனைஞ்சு போச்சு.

"உடைக்காதீங்க"ன்னேன். "நம்ம வண்டி நிக்குதுல்ல, அது போதும். அந்தச் சங்கம் யாருக்கு வேணும்?"

அவர் நிமிரல. "நம்ம வண்டி நிக்கிறதுக்கு ஸ்டேஷன் எதுக்கும்மா? யாராவது வருவாங்கன்னுதானே கட்டினேன்."

யார் யாரோட சேர்ந்து சிரிச்சிருக்கேன்னு நினைச்சா எனக்கே வெக்கமா இருந்துச்சு.

புல்லுல கிடந்த பெட்டியை எடுத்து, மண்ணைத் துடைச்சு, வளைவுல வெச்சுப் பிடிச்சேன். "இன்னும் ரெண்டு விரல் போகணும்"னேன். அவர் உளியை அந்த இடத்துல வெச்சார்.