மேல்நோக்கிப் பெய்த மண்

வெங்காய விலை கிலோ முப்பதாயிரம் ரூப்பியாவுக்கு எகிறிய வருஷத்தில், தர்முடியின் வயலில் மண் கீழிருந்து மேலாகப் பெய்தது. சாயங்கால அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் பாத்தியிலிருந்து முழங்கால் உயரத்துக்கு எழும்பும். ஒரு சிகரெட் பிடிக்கிற நேரம் அப்படியே நிற்கும். பிறகு வெங்காயத் தாள்மேல் அலுங்காமல் படியும். அடுத்த வயலில் ஒரு பொட்டுத் தூசி விழாது. ஜாவாவில் எங்கள் ப்ரெபெஸ் பக்கம் அதைவிடப் பெரிய அதிசயம் அந்த விலைதான் என்பதால், முதல் வாரம் யாரும் இதைப் பற்றிப் பேசவே இல்லை.

தர்முடி ஊரறிந்த சோம்பேறி. எங்கள் வயல்களில் பாத்திகளுக்கு நடுவே வாய்க்கால் ஓடும். சாயங்காலம் அதில் இறங்கி நின்று தகர முகவையால் தண்ணீரை வாரிப் பாத்திமேல் வீசுவோம். அவன் தன் வாய்க்காலைத் தூர் வாரியதே இல்லை, வீசினால் பாதி சேறுதான் வரும். "ஏண்டா, வெங்காயம் நட்டியா, எருமை குளிப்பாட்டுனியா?" என்று பக்கத்து வயல் ஹாஜி சுகைரி கேட்பார். ஹாஜி செத்த புழுவைக்கூடப் பொறுக்கி மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்துகிறவர். தர்முடியின் புழுக்களோ செத்த இடத்திலேயே மக்கி மண்ணாகும். ஆனால் அவை சாவதற்குள் வெங்காயத்தைத் தின்று தீர்த்திருக்கும். மூன்று போகம் அப்படியே போயிற்று.

அவன் மனைவி வர்ஸிதி மகா சுத்தக்காரி. அவள் வீட்டில் மேசைக்கால்கூடப் பளபளக்கும். தைவானில் வீட்டு வேலைக்கு ஏற்பாடு செய்துவிட்டு, ஒரு சிவப்புப் பெட்டியை வாசற்கதவுக்குப் பக்கத்தில் வைத்தாள். "இந்தா பாருங்க, இந்த வெள்ளாமையும் புழுவுக்குப் போச்சுன்னா நான் கிளம்பிடுவேன். அப்புறம் நீங்களும் உங்க சோம்பலும் சேர்ந்து குடும்பம் நடத்துங்க." தர்முடி சிரித்தான். ஆனால் அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் வயலுக்குப் போனவன், நாலு முகவை வீசுவதற்குள் களைத்துப்போய் வரப்பில் படுத்துக்கொண்டு மண்ணிடம், "என்னால முடியல. வேணும்னா நீயே எழும்பிக்க" என்றான். மண் எழும்பியது.

பத்துப் பன்னிரண்டு நாளில் புழுக்கள் ஒரு தினுசாயின. தின்பதை விட்டுவிட்டுத் தாளின் நுனிக்கு ஏறி, தலைகீழாகத் தொங்கி, கஞ்சி மாதிரி கரைந்து ஒழுகின. நாற்றம் அடுத்த வயல்வரை அடித்தது. வேளாண்மை அலுவலகத்துப் பெண் வந்து பார்த்தாள். "இது புழுவுக்கு வர்ற வைரஸ், ஐயா. போன போகத்துல செத்த புழுங்க மண்ணுல விட்டுட்டுப் போனது. மண்ணு தாள்ல தெறிச்சா, தாளைத் தின்ற புழுவுக்குத் தொத்திக்கும். அது கரைஞ்சு ஒழுகுனா அடுத்ததுக்கும் தொத்தும். மனுஷங்களை ஒண்ணும் பண்ணாது, அப்படியே விட்டுடுங்க." அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே பாங்கு ஒலித்து மண் எழும்பியது. முக்காட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு, "இங்க காத்து ஜாஸ்தி" என்று சொல்லிப் போனாள்.

அந்த அழுகலை வர்ஸிதியால் பொறுக்க முடியவில்லை. கையில் மண்ணெண்ணெய் டின்னோடு வந்து நின்றாள். "கொளுத்திடு தாயி, யோசிக்காத" என்று ஹாஜி வரப்பிலிருந்து குரல் கொடுத்தார். தர்முடி, வாழ்க்கையிலேயே முதல்முறையாக, ஓடி வந்து மறித்தான். "விட்டுடு வர்ஸிதி. நான் சும்மா இருந்ததால ஒரு நல்லது நடந்துச்சுன்னு ஒரே ஒரு தடவை இருக்கட்டுமே. நீ போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?" அவன் அழுதுவிட்டான். அவள் தொங்கும் புழுக்களைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், மூக்கைப் பொத்திக்கொண்டு டின்னை மூடினாள்.

வெங்காயம் தப்பியது. அறுவடைக்குப் பிறகு ஹாஜி கூச்சத்தோடு வந்து இரண்டு கூடை மண் வாங்கிப் போனார். அவர் வயலில் அது கணுக்கால் உயரத்துக்குத்தான் எழும்புகிறது. மனுஷர் இன்னமும் புழு பொறுக்குவதை விடவில்லையே! இப்போதெல்லாம் பாங்கு கேட்டதும் அந்த வரப்பில் இருப்பவர்கள் காப்பிக் குவளையை உள்ளங்கையால் மூடிக்கொள்கிறார்கள், மண் இறங்கியதும் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்கிறார்கள். தர்முடி வீட்டில் சிவப்புப் பெட்டி அலமாரிக்கு மேலே போய்விட்டது. வீட்டையே இரண்டு வேளை துடைக்கிற வர்ஸிதி, அதன்மேல் படிந்த வயல் மண்ணை மட்டும் துடைப்பதில்லை.