பாலம் சொன்ன பதில்

வந்திருந்தவர்கள்: ஆம்புலன்ஸுக்குள் வைக்கும் ரேடியோப் பெட்டியைச் செய்யும் கம்பெனியிலிருந்து சித்ஸ்கே. பாலத்தில் வைக்கும் பெட்டியைச் செய்யும் கம்பெனியிலிருந்து வீபே. சாதாரணக் கார்களுக்கான பெட்டியோடு செக் நாட்டிலிருந்து ராதிம். மூவரையும் கட்டி மேய்க்க டவுட்சன்.

வேறு யாருக்கும் உள்ளே இடமில்லை. ஒரு கம்பெனியின் ஓட்டையை இன்னொரு கம்பெனி பார்க்கிற இடம் என்பதால், சோதனை நாட்களில் சோதனை நடக்கும் கால்வாயோரத்துப் பழைய படகுக் கொட்டகையைப் பூட்டியே வைப்பார்கள். சாவி டவுட்சனின் கழுத்தில் தொங்கும். உள்ளே நடந்ததை வெளியே சொல்லக் கூடாது என்பதும் விதி.

அன்று சோதிக்க வேண்டியது சித்ஸ்கே எழுதிய எட்டுப் பக்கம். கால்வாய்கள் நிறைந்த இந்தப் பிரீஸ்லாந்தில் கோடை வந்தால் ஒரு பாய்மரப் படகுக்காகப் பாலம் தூக்கிக்கொள்ளும். இந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் நின்று அலறிக்கொண்டிருக்கும். அது தூரத்தில் வரும்போதே ரேடியோவில் 'தூக்காதே' என்று கேட்க வேண்டும், பாலம் 'சரி, வா' என்று பதில் சொல்ல வேண்டும். யார் செய்த ஆம்புலன்ஸ், யார் செய்த பாலம் என்ற பேச்சே வரக் கூடாது. அதற்குத்தான் எல்லோருக்கும் பொதுவான தரம். எழுதியவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், எழுத்தை மட்டும் படித்து இன்னொரு கம்பெனி பெட்டி செய்ய வேண்டும். இரண்டு பெட்டிகளும் பேசிக்கொண்டு, இரண்டு தரப்பும் வாய்விட்டு 'புரிந்தது' என்றால் எழுத்து தரத்தில் ஏறும். ஒருவர் மறுத்தாலும் போயிற்று. அடுத்த சுற்றில் வேறு யாராவது எழுதிக்கொண்டு வந்து அந்த இடத்தைப் பிடித்துவிடுவார்கள்.

அந்த இன்னொரு தரப்பு வீபே.

அவனும் சித்ஸ்கேயும் ஒரு காலத்தில் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறையில் ஒன்றாக ராத்திரி ஷிப்ட் பார்த்தவர்கள். இந்த யோசனையை அவள் முதலில் அவனிடம்தான் சொன்னாள். "உனக்கு வேற வேலை இல்ல" என்று அவன் சிரித்தான். அவள் வேலையை விட்டுவிட்டுப் போய் எழுத ஆரம்பித்தாள். அவனுடையது எதையும் அவள் எடுத்துக்கொள்ளவில்லை. அதுதான் அவனை அறுத்தது. திருடியிருந்தால் திட்டவாவது செய்யலாம்.

எட்டுப் பக்கத்தையும் அவன் ஓட்டை தேடித்தான் படித்தான். ஒரு வரியும் வழுக்கவில்லை. அதைப் பார்த்துச் செய்த பெட்டி மேஜைமேல் முதல் தடவையே வேலை செய்தது. அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

கொட்டகையில் காபியும் சர்க்கரை ரொட்டியும் வைத்திருந்தார்கள்.

"என்னடா மூஞ்சி இது, பாலத்துக்கு அடியில படுத்துட்டு வந்தியா?" என்றாள் சித்ஸ்கே.

"உன் எழுத்தப் படிச்சேன். நல்லா தூக்கம் வந்துச்சு."

"தூக்கம் வந்ததுக்கே இந்த மூஞ்சியா?"

ராதிம் சிரித்துவிட்டான். டவுட்சனும் சிரித்தாள். வீபே ரொட்டிக்கு வெண்ணெய் தடவினான். எல்லோரும் அவள் பக்கம் திரும்பித்தான் சிரிக்கிறார்கள் என்று கவனித்தான். அவள் ஆம்புலன்ஸை எடுக்கப் போனாள். அடுத்து, பாலம் திறக்கும்போது செய்யும் சோதனை தன்னுடையது என்பதால் ராதிம் வெளியே தன் காரில் போய் உட்கார்ந்தான். டவுட்சன் கதவைப் பூட்டும் நேரத்தில் வீபே மடிக்கணினியில் ஒரே ஒரு வரியை மாற்றினான். பெட்டி கேட்கும், பதில் சொல்லாது.

ஆம்புலன்ஸ் கால்வாயோரமாக வந்து, பாலத்துக்கு முன்னால் நின்றது. கொஞ்ச நேரத்தில் டவுட்சன் கதவைத் திறக்க, சித்ஸ்கே உள்ளே வந்தாள்.

"பதில் வரல. உன் பக்கம் என்ன?"

"பெட்டிக்குப் புரியல."

"எந்த இடம்?" என்றாள் டவுட்சன்.

"ஏழாம் பக்கம். ரெண்டு மாதிரி படிக்கலாம்."

"எந்த ரெண்டு மாதிரி? சொல்லுங்க, குறிச்சுக்கிறேன்."

அவன் வாய்க்கு வந்ததைச் சொன்னான். சித்ஸ்கே பக்கத்தைப் பிரித்து நின்றவாறே படித்தாள். மறுபடி படித்தாள். அவள் கழுத்து சிவந்தது.

"இருக்கலாம்" என்றாள். "நானே எழுதி நானே படிச்சா எனக்கு எப்படித் தெரியும்? இன்னும் தெளிவா எழுதியிருக்கணும்."

இதற்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தான். நாக்கில் வெல்லம் வைத்த மாதிரி இருந்தது. "விடு, அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்று ஆறுதல்கூடச் சொன்னான்.

கதவைத் தட்டினார்கள். டவுட்சன் திறந்தாள். ராதிம்.

"தொந்தரவுக்கு மன்னிக்கணும். நான் இன்னும் எவ்வளவு நேரம் நிக்கணும்? பாலம் திறக்கறதத் தள்ளி வெச்சிருக்கோம்னு உங்க பெட்டி அறிவிச்சுக்கிட்டே இருக்கே."

டவுட்சன் குறிப்பெடுப்பதை நிறுத்தினாள்.

"எப்போதிருந்து?" என்றாள் டவுட்சன்.

"அந்த ஆம்புலன்ஸ் வந்ததிலிருந்து."

பாலத்துப் பெட்டிக்கு இரண்டு வாய். கேட்டவருக்குப் பதில் சொல்வது ஒன்று. பாலம் எப்போது திறக்கும் என்று சாலையில் உள்ள அத்தனை பேருக்கும் ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பது இன்னொன்று. வீபே முதல் வாயைத்தான் அடைத்திருந்தான். சித்ஸ்கே தனக்கு வர வேண்டிய பதிலையே பார்த்துக்கொண்டிருந்தாள், மற்றதைக் கேட்கவில்லை. ஒன்றும் தெரியாமல் காத்துக்கிடந்தவன் கேட்டான்.

"புரியாத பெட்டி எதுக்கு வீபே பாலத்த நிறுத்தி வைக்குது?" என்றாள் சித்ஸ்கே. குரலை உயர்த்தவில்லை.

"தெரியல."

"நீ எழுதினதுதானே."

அவன் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்து, மாற்றிய வரியைத் திருப்பி மாற்றினான். மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சித்ஸ்கே ஆம்புலன்ஸை மறுபடி பின்னால் கொண்டுபோய் மறுபடி ஓட்டி வந்தாள். 'சரி, வா' என்று பாலம் உடனே சொன்னது.

"வாய்விட்டுச் சொல்லணும்" என்றாள் டவுட்சன், சித்ஸ்கே உள்ளே வந்ததும்.

"புரிந்தது" என்றான் வீபே.

"புரிந்தது" என்றாள் சித்ஸ்கே. பிறகு அவனைப் பார்த்தாள். "உங்க ஆபீஸ்ல யாருக்கும் தெரியாது, பயப்படாத. விதி அப்படி."

அவள் கத்தியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பான். இந்த நேரத்திலும் அவள் கைதான் ஓங்கியிருந்தது.

அவன் பெட்டியைக் கழற்ற எழுந்தான்.

"அது இருக்கட்டும்" என்றாள் டவுட்சன். "ராதிமோட காருக்கு அது வேணும். பெட்டி நல்லாத்தான் வேலை செய்யுது. உங்க வேலை முடிஞ்சுது."

வீபே கோட்டை மாட்டிக்கொண்டான். உள்ளே ராதிம் எதையோ கேட்க, சித்ஸ்கே ஏழாம் பக்கத்தை விரித்து அவனுக்கு விளக்க ஆரம்பித்திருந்தாள். வீபே வாசலைத் தாண்டினான். டவுட்சன் பின்னாலேயே வந்து, கழுத்துச் சாவியை எடுத்து, உள்ளிருந்தே கதவைச் சாத்திப் பூட்டினாள்.