மொழிபெயர்ப்பாளரிடம் ஊர் கேட்டவர்

1

இந்தக் கதைக்குக் காரணம் ஒரு கோபம். இலங்கையில் சமாதானம் வந்துவிடும் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த 2003இல், ஒஸ்லோவில் ஒரு கூட்டத்தின் பின்வரிசையில் இருந்தேன். போரிலிருந்து மீளும் நாடுகளில் சலுகை அரசியல் ஒரு நோய் என்றார் பேசியவர். வேலை கொடுத்து வாக்கு வாங்குவதைத்தான் அப்படிச் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. இந்த நகரத்தில் எனக்குக் கிடைத்த முதல் வேலையே தெரிந்தவர் ஒருவர் சொல்லிக் கிடைத்ததுதான். வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் செல்வமலர்

வேண்டாம். ஒஸ்லோ என்றதும் பனியைக் கொட்டுகிற பழக்கத்தை நான் விட்டாக வேண்டும்.

2

செல்வமலர் ஒஸ்லோவில் ஹவுகெட்டோப் பக்கம் இருப்பவள். தொழில் மொழிபெயர்ப்பு, எங்கள் ஆட்கள் நோர்வேக்காரரைப் போலவே ‘தொல்க்’ என்பார்கள். ஆயுத இயக்கங்களை அரசியல் கட்சிகளாக்கும் பயிற்சி ஒன்றுக்கு (நிறுவனம் என் கற்பனை, தேட வேண்டாம்) அவளை அழைத்திருந்தார்கள். அவள் பேச வேண்டியது இரத்தினவேலுக்காக. அவர் முன்னாள் இயக்கக்காரர்; இப்போது யாழ்ப்பாணத்தில் ஒரு கட்சியின் அமைப்பாளர். கட்சிக்கு நான் பெயர் வைக்கவில்லை. வைத்தால் எங்கள் ஆட்கள் நிறைந்த ரொம்மனில் ஒரு கல்யாண வீட்டுக்கும் நான் போக முடியாது.

தொல்க்குக்குச் சட்டம் உண்டு. சொன்னதைச் சொல்ல வேண்டும், கூட்டவோ குறைக்கவோ கூடாது. சொந்தக் கதை கதைக்கவே கூடாது. ஆஸ்பத்திரியிலும் நீதிமன்றத்திலும் அவள் இதை ஒருநாளும் மீறியதில்லை.

3

கோப்பி இடைவேளையில் அவர் கேட்டார். "பிள்ளை எந்த ஊர்?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கக்கூடிய யாழ்ப்பாணத்தவர் ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. செல்வமலருக்கும் வாய் முந்திவிட்டது.

"அளவெட்டி."

"அளவெட்டியிலை ஆற்றை மகள்?"

"சங்கக்கடை மனேச்சற்றை இளைய மகள்."

"அப்ப ராசமலர் உங்கடை அக்கா! அவவின்ரை மகள் தர்சினி தொண்டர் ஆசிரியையா நிக்கிறா எல்லோ? பாவம், அரசாங்க நியமனம் இழுபடுது. அக்கா என்னட்டையும் ஒருக்கா வந்தவ."

அக்கா அவரிடம் போனது செல்வமலருக்குத் தெரியாது. பயந்துபோனாள். கொஞ்சம் சந்தோஷமும் பட்டாள். இரண்டையும் எழுதிவிடுகிறேன், பிறகு மறைத்தேன் என்று வரக்கூடாது.

4

[முதல் பிரதியில் இரத்தினவேலுக்குத் தடித்த சங்கிலி, மோதிரங்கள், கெட்ட சிரிப்பு எல்லாம் கொடுத்திருந்தேன். அடித்துவிட்டேன். அவரை வெறுப்பது சுலபமாகிவிட்டது; சுலபமானவர்களுக்காக நான் பேப்பரை வீணாக்குவதில்லை.]

இந்த இரத்தினவேல் செத்த வீடுகளுக்கு முதல் ஆளாகப் போகிறவர். கட்சிக்குக் கொள்கை அறிக்கை எப்படி எழுதுவது என்ற வகுப்பில் அவர் எழும்பிச் சொன்னது இது:

"ஐயா, எங்கடை சனத்துக்கு அரசாங்கக் கச்சேரியிலை கதவு திறக்காது. நான் போய் நிண்டால் திறக்கும். கட்சி எண்டால் அதுகளுக்கு அதுதான். கொள்கையை வாசிச்சிட்டு வீட்டை போய் என்னத்தைச் சமைக்கிறது?"

செல்வமலர் ஒரு சொல் விடாமல் நோர்வேஜியனில் சொன்னாள். சொல்லும்போது அவருக்காகத் தானே வாதாடுவது போல இருந்தது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

5

கடைசி நாள் பயிற்சியாளர் ஹல்வர் ஒவ்வொருவரையும் தனித்தனியே அழைத்தார். பதில் சரியில்லை என்றால் அந்தக் கட்சியுடன் நிறுவனத்தின் உறவு அத்தோடு சரி. சின்ன அறை. ஹல்வர், இரத்தினவேல், செல்வமலர், வேறு யாரும் இல்லை.

ஹல்வர் கேட்டதை அவள் தமிழில் சொன்னாள். "உங்கடை கட்சி ஆதரவாளருக்கு அரசாங்க வேலை எடுத்துக் குடுக்கிறதோ? இனியும் குடுக்குமோ?"

இரத்தினவேல் ஹல்வரைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தே பேசினார். குரல் வெகு சாதாரணமாக இருந்தது.

"ஓம், குடுக்கிறனாங்கள். இனியும் குடுப்பம். தர்சினிக்கும் வாற மாதம் வரும். நீங்கள் இவருக்கு, அதெல்லாம் விட்டிட்டம் எண்டு சொல்லுங்கோ, பிள்ளை."

ஹல்வர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

6

முடிவு அ. அவள் உள்ளதை உள்ளபடி சொல்கிறாள். நேர்மையான முடிவு, எழுதவும் தொடங்கினேன். ஆனால் அக்கா இன்னும் அளவெட்டியில்தான் இருக்கிறாள். அந்த மனிதருக்கு வீடு தெரியும். அவர் துவக்கைக் கீழே வைத்து எவ்வளவு காலம் என்று யோசித்தேன், கை நின்றுவிட்டது.

முடிவு ஆ. அவள் பொய் சொல்கிறாள். தர்சினிக்கு நியமனம் வருகிறது. வரிசையில் அவளுக்கு முன்னால் நின்ற, எந்த அமைப்பாளரையும் தெரியாத இன்னொரு பெண்ணுக்கு வரவில்லை. (அந்தப் பெண்ணுக்கு நான் பெயர்கூட வைக்கவில்லை, பாருங்கள்.) செல்வமலர் ஒஸ்லோவில் இருந்தபடியே அந்தக் கட்சியின் ஆளாகிவிடுகிறாள்.

முடிவு இ. அவள் எழுந்து வெளியே போய்விடுகிறாள். இதைத்தான் வைத்துக்கொண்டேன். அவளைப் பிடித்து இருத்த எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கேள்வி கேட்டவர் அறையில்தான் இருக்கிறார், பதில் சொன்னவரும் இருக்கிறார்.

அவர் சொன்னது தமிழ். நீங்களும் கேட்டீர்கள். உங்களுக்கும் ஊரில் ஒரு தர்சினி இருப்பாள். கதிரை காலியாகத்தான் இருக்கிறது, உட்காருங்கள்.

ஹல்வர் பொறுமையிழந்து உங்கள் பக்கம் திரும்புகிறார். "அவர் என்ன சொன்னார்?"