முன்சக்கரத்து இரைச்சல்

மெக்கானிக்கின் தங்கை கணவர் வாடகைக் கார் ஓட்டுகிறவர். கொஞ்ச நாளாகவே வண்டி முனகுவதாகவும், வேகம் கூடினால் காதடைக்கும் இரைச்சலாகிவிடுவதாகவும் சொல்லி பட்டறைக்குக் கொண்டுவந்தார். டயர் தேய்ந்திருக்கும், முன்னதைப் பின்னால் மாற்றிப்போட்டால் சரியாகிவிடும் என்பது அவர் கணக்கு.

மெக்கானிக் தானே ஓட்டிப்பார்த்தார். கரடுமுரடான தார் ரோட்டிலும், பாலத்தின் வழவழப்பான சிமென்ட் தளத்திலும் சத்தம் ஒரே மாதிரி கேட்டது. டயராக இருந்தால் தரைக்குத் தரை மாறியிருக்கும். காலி மைதானத்தில் வண்டியை வலப்பக்கம் வளைத்தார். பாரம் முன்பக்க இடச்சக்கரத்தில் இறங்கியதும் முனகல் உறுமலானது. மறுபக்கம் வளைத்தால் அடங்கியது. பட்டறையில் ஜாக்கி போட்டுத் தூக்கி, ஒரு கையால் ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டு மறுகையால் அந்தச் சக்கரத்தைச் சுற்றினார். மணலை அரைப்பதுபோல ஒரு நடுக்கம் விரல்களில் ஏறியது. பிடித்து ஆட்டினால் சக்கரமே ஆடியது.

"டயர் இல்ல மாப்ள. பேரிங் போயிடுச்சு, ஓட்டினா சக்கரமே கழண்டுடும். வண்டி இங்கயே நிக்கட்டும், நாளைக்கு சாமான் வந்துடும்."

விமான நிலையத்துக்கு ஒரு சவாரி ஒப்புக்கொண்டுவிட்டேன், மெதுவாகப் போய்வந்துவிடுகிறேன் என்றார் அவர். மெக்கானிக் மறுபடியும் வேண்டாமென்றார். ஆனால் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொள்ள மனம் வரவில்லை. தங்கையைக் கட்டியவராயிற்றே.

சவாரியை இறக்கிவிட்டுத் திரும்பும்போது சக்கரம் கழன்றது. அது தாறுமாறாக ஓடி, பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு தையல்காரரை அடித்தது. அவர் அங்கேயே இறந்துபோனார். கார் சுவரில் மோதியதில் ஓட்டியவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கை அண்ணனை ஓரமாக அழைத்துப்போனாள்.

"டயர் சத்தம்னு நீதான் சொன்னதா சொல்லிடுண்ணா. தெரிஞ்சே ஓட்டினாருன்னா உள்ள வச்சிடுவாங்க. நீ தப்பா பாத்துட்டேன்னா மிஞ்சிப்போனா நாலு பேர் திட்டுவாங்க."

தாயில்லாத வீட்டில் அவளுக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியவர் அவர். போலீசிடம் அப்படியே சொன்னார்.

மறுநாளே இன்ஸ்பெக்டர் பட்டறைக்கு வந்தார். வண்டியை எடுக்க வேண்டாமென்று நீங்கள் தடுத்ததாக ஓட்டுநரே வாக்குமூலம் கொடுத்திருக்கிறாரே, இதில் எது பொய் என்று கேட்டார். மெக்கானிக் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"நான் சொன்னதுதான் பொய் சார்."

அன்று மாலை ஆஸ்பத்திரிக்குப் போனார். தங்கை கணவர் முகட்டைப் பார்த்தபடி படுத்திருந்தார்.

"அந்த டெய்லரோட சம்சாரம் வந்து வாசல்ல நின்னாங்க மச்சான். என்னையே பாத்தாங்க. ஒரு வார்த்தை கேக்கல. அதுக்கப்புறம் பொய் சொல்ல என்னால முடியல."

கட்டிலின் மறுபக்கத்தில் தங்கை அவருக்கு ஸ்பூனில் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் முகத்தையும் அவள் பார்க்கவில்லை.

வழக்கு இழுத்துக்கொண்டே போய், கடைசியில் தங்கை கணவருக்குச் சிறைத்தண்டனை விதித்தார்கள். பொய் சொன்னதற்காக மெக்கானிக்குக்கும் தனி வழக்கு நடக்கிறது. கணவரைப் பார்க்கச் சிறைக்குப் போகும் நாட்களில் அண்ணன்தான் அவளைத் தன் வண்டியில் அழைத்துப்போகிறார். அவள் பின்சீட்டில் உட்கார்ந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.