துரைசாணியின் இஸ்திரிப்பெட்டியைத் திறந்தவள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: நான் கதை எழுத உட்காரவில்லை. வாங்கிய சாமானைப் பிரித்துப் பழுதுபார்க்கப் பயனீட்டாளருக்கு உரிமை உண்டு என்று ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். இரண்டு பத்தி எழுதியதும் எனக்கே கொட்டாவி வந்தது. அதனால் நவமணி என்று ஒருத்தியை உண்டாக்கி, 1978இல், பிரிஞ்சாங் என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் வேலைக்கு வைத்தேன். பாவம், வந்த நாள் முதல் பயந்துகொண்டே இருக்கிறாள்.

2

முதல் தொடக்கம்: பனி மூடிய மலைச்சரிவில் அன்று...

(வேண்டாம். பனியைப் பார்க்க நவமணிக்கு ஏது நேரம்?)

இரண்டாவது: இஸ்திரிப்பெட்டி அவள் கையிலேயே செத்துப்போனது.

இது போதும். பெட்டியின் பின்னால் ஒரு முத்திரைத் தாள் ஒட்டியிருந்தது: கம்பெனி ஆளைத் தவிர யாரும் திறக்கக்கூடாது. ஜாடி ஒன்று உடைந்ததற்கே முன்பிருந்த வேலைக்காரியை அனுப்பிவிட்டார்கள். வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும்.

முன்னறையில் துரைசாணி, அதாவது மேனேஜரின் மனைவி, கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஜிக்சா படத்துண்டுகளைச் சேர்த்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் போட்டி. (ஐந்நூறு துண்டைக் கொட்டிச் சேர்க்கிறவருக்கு நான்கு திருகாணியைத் தொட மட்டும் பயம்!)

நவமணி குசினி அடுப்படியில் கத்திமுனையால் பெட்டியைத் திறந்தாள். அறுந்த கம்பியை முறுக்கிச் சேர்த்தாள். பெட்டி சுட்டது. அவளுக்கு உயிர் வந்தது.

அங்கேயே விட்டிருக்கலாம். நான் விடவில்லை. வெறுங்காலோடு இரும்பைத் தொட்டாள். மின்சாரம் சுர்ரென்று கையை இழுத்தது. மறுபடி திறந்தால், கம்பியைத் தாங்கும் பீங்கான் வில்லை விரிசல் விட்டு, கம்பி இரும்பில் பட்டுக்கொண்டிருந்தது. ஓடிப்போய்க் கேட்டதற்குப் பிரிஞ்சாங் கடைக்காரன், "பாகம் தனியா விக்கிறதில்ல. பெட்டியக் கொண்டா, கம்பெனிக்கு அனுப்பணும்" என்றான். கிழிந்த முத்திரையோடு எப்படிக் கொண்டுபோவது? தாளைச் சோற்றுப்பருக்கையால் ஒட்டி, பெட்டியை இருந்த இடத்தில் வைத்தாள்.

3

மத்தியானச் சாப்பாட்டில் கணவன் சிங்காரத்திடம் சொன்னாள்.

"ஒன்ன யாரு தொறக்கச் சொன்னா? வாய மூடிக்கிட்டு இரு லா. துரைசாணி எப்பவும் சிலிப்பர் போட்டுத்தான நடக்குறாங்க."

"குளிச்சிட்டு வந்தா ஈரக்காலு."

"தேய்க்கிறது நீதான?"

"போட்டி அன்னிக்கி மட்டும் உடுப்ப அவங்களே தேய்ப்பாங்களாம். போன தடவ அப்படித்தான் ஜெயிச்சாங்களாம்."

சிங்காரம் தட்டைத் தள்ளிவைத்தான்.

4

ஞாயிறு காலை. "நான் தேய்ச்சுத் தர்றேன்மா" என்று இரண்டு தரம் கேட்டுப் பார்த்தாள். "வேணாம் நவமணி, ராசி போயிடும்" என்று சொல்லிவிட்டுத் துரைசாணி குளிக்கப் போனார்.

முடிவு அ: நவமணி சொல்லிவிடுகிறாள். அடுத்த வாரம் சட்டிபானையோடு லோரியில்...

(அடித்துவிட்டேன். அவள் என்ன திருடினாளா?)

முடிவு ஆ: சொல்லவில்லை. சிலிப்பர் காப்பாற்றுகிறது. துரைசாணி கோப்பையோடு...

(இன்றைக்குச் சரி. நாளைக்கு?)

முடிவு இ: கைதவறியதுபோல் பெட்டியைத் தரையில் போட்டு...

(பழி அப்போதும் அவள்மேல்தான்.)

பெட்டியைத் திறக்க அவளுக்கு உரிமை இருந்திருந்தால், "அம்மா, தொடாதீங்க, கம்பி சரியில்ல" என்று நாலே வார்த்தை போதும். அதைச் சொல்ல அவள் வீட்டையே கொடுக்கவேண்டியிருக்கிறது. எனக்குக் கோபம் வருகிறது; பயமும் வருகிறது.

குளியலறையில் தண்ணீர் நின்றுவிட்டது. சிலிப்பர் ஜிக்சா மேசைக்கடியில் கிடக்கிறது. துரைசாணி ஈரக்காலோடு வந்து இஸ்திரிப்பெட்டியின் சுவிட்சைப் போடுகிறார். நவமணி வாசற்படியில் வாயைத் திறந்தபடி நிற்கிறாள். என்னால் அவளைப் பேசவைக்கவும் முடியவில்லை, வாயை மூடவைக்கவும் முடியவில்லை. வாசிக்கிறவரே, அவளுக்கு என்ன சொல்வீர்களோ, இப்போதே சொல்லுங்கள். துரைசாணி கையை நீட்டிவிட்டார்.