தம்பியை வாங்கிப்போனார்கள்

மேனேஜர் அறையிலிருந்து தம்பி மட்டும் வெளியே போனான். அண்ணனைக் கொஞ்சம் இருக்கச் சொன்னார் மேனேஜர். ஜன்னலுக்கு அப்பால் மைதானத்தில் சின்னப் பையன்கள் மழைச்சேற்றில் பந்தைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். அந்தக் கால்பந்துக் கிளப்புக்கு டிக்கெட் வருமானம் உப்புக்கும் காணாது. பையன்களைச் சிறு வயதில் சேர்த்து, சோறு போட்டு, ஆட்டம் பழக்கி, மீசை அரும்பும்போது பெரிய கிளப்புகளுக்கு விற்பதுதான் பிழைப்பு. அதில் ஒளிவுமறைவு இல்லை. சேர்க்கும்போதே அம்மாவிடம் சொல்லியிருந்தார்கள். அம்மா அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டாள்.

இப்போது ஒரு பெரிய கிளப்பிலிருந்து தம்பியைக் கேட்டு வந்திருந்தார்கள். அவன் அடித்த கோல்களில் பாதிக்குமேல் அண்ணன் கொடுத்த பந்துகள். தம்பி எந்தப் பக்கம் ஓடுவான் என்று நிமிர்ந்து பார்க்காமலே அண்ணனுக்குத் தெரியும். ஆனால் வாங்குகிறவர்களுக்குக் கோல் அடிப்பவன் போதும். இந்த சீசனோடு உன்னைக் கிளப்பிலிருந்து நிறுத்திவிடுகிறோம் என்றார் மேனேஜர், மேஜையைப் பார்த்தபடி. நீ இல்லாமல் போகமாட்டேன் என்று அவன் முரண்டு பிடிக்கிறான், நீதான் எடுத்துச் சொல்லவேண்டும் என்றார்.

தம்பி பஸ் நிறுத்தத்தில் காத்திருந்தான்.

"உன்னை என்ன பண்றாங்களாம்?"

"இங்கயே பெரியவங்க டீம்ல போடறாங்களாம். நீ கிளம்புடா."

"சத்தியமா?"

"சத்தியமாத்தான்."

அந்தப் பொய் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. யார் மூலமோ தெரிந்து, தம்பி கொஞ்ச நாள் அண்ணனிடம் போனில் பேசவேயில்லை. அண்ணன் டயர் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். முதல் சில ஆட்டங்களைக் கடையில் எல்லோரும் சேர்ந்து டிவியில் பார்த்தார்கள். பிறகு தம்பி மாற்று ஆட்டக்காரர்களோடு ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். பிறகு அதுவும் இல்லை. வாங்கியவர்கள் அவனை இன்னொரு கிளப்புக்கு இரவலாகக் கொடுத்தார்கள், அங்கிருந்து வேறொன்றுக்கு. கடையில் இருந்தவர்கள் தம்பியைப் பற்றிக் கேட்பதை நிறுத்திக்கொண்டார்கள். அண்ணனுக்கு அது அவர்கள் கேட்டதைவிடக் கஷ்டமாக இருந்தது.

விடுமுறைக்குத் தம்பி வீட்டுக்கு வந்தான். அவன் அனுப்பிய பணத்தில் வாங்கிய வீடு. எந்த ஸ்விட்சுக்கு எந்த விளக்கு என்று அவனுக்குத் தெரியவில்லை. அம்மா பரிமாறப் பரிமாறச் சாப்பிட்டான். அவள் கடைக்குப் போனதும் அண்ணன் இருந்த அறைக்கு வந்து கட்டிலில் சாய்ந்தான்.

"அங்க எல்லாரும் நல்லாத்தான் ஆடறாங்க. நான் ஓடி நின்னப்புறம்தான் பந்து வருது."

"பழகிடும்டா."

"போகாதன்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இருந்திருப்பேன்."

கோபமாகச் சொல்லவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். நீ இருந்திருந்தால் இந்தச் சுவரே கிடையாது என்று அண்ணன் சொல்லியிருக்கலாம். அம்மா இன்னும் பிறர் துணிகளைத்தான் தைத்துக்கொண்டிருப்பாள் என்று சொல்லியிருக்கலாம். எல்லாம் உண்மைதான். ஆனால் அன்று பஸ் நிறுத்தத்தில் இதையெல்லாம் அவன் நினைக்கவேயில்லை. தன்னை வேண்டாம் என்று சொன்ன இடத்தில் தம்பி மட்டும் இருப்பதைப் பார்க்கமுடியாது என்றுதான் நினைத்தான்.

தம்பி தூங்கிப்போனான். வளர்ந்த கால்கள் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. வலது கணுக்காலில் தையல் போட்ட நீளமான தழும்பு இருந்தது. வீட்டில் யாரிடமும் அவன் சொல்லியிருக்கவில்லை. அண்ணன் குனிந்து போர்வையை இழுத்துவிட்டான். துணி பட்டதும் தூக்கத்திலேயே தம்பி அந்தக் காலை வெடுக்கென்று உள்ளே இழுத்து, மற்றக் காலுக்கு அடியில் மறைத்துக்கொண்டான்.